கலங்கல் நீரைப் படிக்கப் பழகுவது: ஆற்றுமண்ணின் பின்னாலேயே கடலடி வரை

டெல்டாவைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் வரைபடத்தைத் திறந்து முக்கோணத்தைத் தேடுவார்கள். நைல் ஆற்றின் முகத்துவாரம் கிரேக்க எழுத்து டெல்டாவைப் போல இருந்ததால் வந்த பெயர் என்று பாடப்புத்தகம் சொல்லிவிடுகிறது. அதிலிருந்து வடிவம்தான் எல்லாம் என்ற எண்ணம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கி, வெகுநாள் படங்களை மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, முதலில் பார்க்க வேண்டியது வரவு செலவு என்று. ஆறு எவ்வளவு மண் கொண்டுவருகிறது, அலையும் ஓதமும் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) அதில் எவ்வளவை எடுத்துப் போகின்றன, மிச்சம் எவ்வளவு அமுங்குகிறது? இந்தக் கணக்கில் இன்றைக்குக் கையிருப்பாக நிற்பதைத்தான் டெல்டா என்கிறோம்.

வேண்டியவை கொஞ்சம்தான்: மூடியுள்ள கண்ணாடி பாட்டில்கள் இரண்டு, ஒரு அகலத் தட்டு, கைப்பிடி மண், கொஞ்சம் மணல், உப்பு, இணைய இணைப்பு. இந்த வரிசையிலேயே போங்கள். செயற்கைக்கோள் படத்துக்குத் தாவ ஆசையாக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள்.

படி 1: மண்ணைக் குலுக்கி வையுங்கள்

பாட்டிலில் கால்வாசி மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி, மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒரு படலம் சேர்ந்துவிடும், அது மணல். அடுத்த சில நிமிடங்களில் அதன் மேல் இன்னொரு அடுக்கு இறங்கும். விரலில் தேய்த்தால் மாவு போல இருக்கும் இதற்கு எக்கல் என்ற பழைய சொல்லை வைத்துக்கொள்கிறேன். வண்டல் என்பதை எல்லா மண்ணுக்கும் பொதுச்சொல்லாக விட்டுவிடுவோம். மறுநாள் காலையிலும் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கியே இருந்தால், மிதப்பது களி.

அளவு தெரிந்திருப்பது நல்லது. 2 மில்லிமீட்டருக்குக் கீழே, சுமார் 0.06 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.004 வரை எக்கல். அதையும் விடப் பொடி என்றால் களி. மண்ணியலாளர்கள் களத்தில் ஒரு துளி மண்ணை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பதுண்டு: நறநறத்தால் எக்கல், வழவழத்தால் களி. நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

இந்தப் பாட்டிலுக்குள்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. நுண்துகள் நீரில் இறங்கும் வேகத்துக்கு 1851-இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் ஒரு விதி தந்தார்: விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். 0.1 மி.மீ. பொடிமணல் நொடிக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இறங்கும். 0.01 மி.மீ. எக்கல் ஒரு நாள் முழுக்க இறங்கினாலும் எட்டு மீட்டரைத் தாண்டாது. 0.001 மி.மீ. களித்துகளுக்கு ஒரு நாளில் எட்டு சென்டிமீட்டர்கூட இல்லை. 50 மீட்டர் ஆழமுள்ள கடலில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மணல் ஒன்றரை மணி நேரத்தில் தரை தொடும், எக்கலுக்கு ஒரு வாரம் ஆகும், களிக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல். அதற்குள் நீரோட்டம் அதை எங்கே கொண்டு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் களி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படியவே கூடாதே, ஆனால் அங்கே சேறு முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கிறதே? இதற்கு இரண்டாவது பாட்டில். முதல் பாட்டிலின் கலங்கல் நீரை இரண்டிலும் சமமாக ஊற்றி, ஒன்றில் மட்டும் உப்புப் போட்டுக் கலக்குங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, ஆகவே அரை லிட்டருக்கு மூன்று தேக்கரண்டி. சற்று நேரத்தில் உப்புப் பாட்டிலில் கலங்கல் திரிதிரியாகத் திரண்டு இறங்கத் தொடங்கும். மற்றது அப்படியே நிற்கும். களித்துகள்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துவிடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகி விழுகின்றன. நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடத்தில் சேறு குவிவதற்கு இது முக்கியக் காரணம்.

படி 2: தட்டில் ஒரு டெல்டா

தட்டை ஒரு பக்கம் இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். தாழ்ந்த பக்கத்தில் தேங்கிய தண்ணீர் கடல், உயர்ந்த பக்கத்தில் மணல் குவியல் மலை. மூடியில் சிறு துளையிட்ட பாட்டிலால் மணல்மேல் மெல்லிய தாரையாக நீர் விடுங்கள். பொறுமையாக, ஊற்றும் இடத்தை மாற்றாமல்.

மணல் ஓடிவந்து, நீர் தேங்கிய இடத்தில் வேகம் இழந்து, விசிறி போல விரியும். இதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். ஓடை தன் வாயிலேயே மணலைக் கொட்டிக்கொண்டு முன்னால் நீள்கிறது. நீள நீளச் சரிவு குறைகிறது, வேகம் குறைகிறது, ஓடையின் அடிப்பகுதி தூர்ந்து மேலே எழும்புகிறது. ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் குறுக்குவழி கிடைக்க, நீர் சட்டென்று கரையை உடைத்துக்கொண்டு அங்கே பாயும். பழைய வாய் கைவிடப்படும், புது விசிறி வளரத் தொடங்கும். நீங்கள் எதையும் மாற்றவில்லை, ஆறு தன் சுமையாலேயே தடம் மாறியது. இந்தத் தட்டை நான் பத்துப் பதினைந்து முறை செய்திருப்பேன். எந்தப் பக்கம் உடையும் என்று ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

மிசிசிப்பி கடந்த சுமார் 7,000 ஆண்டுகளாக இதையேதான் பெரிய அளவில் செய்துவருகிறது. ஒரு மடலை, அதாவது தட்டில் பார்த்த விசிறி போன்ற நிலத்தை, கட்டுவது, ஆயிரம் ஆண்டு சென்று அதைக் கைவிட்டு வேறு பக்கம் போவது என்று மாறி மாறி. இன்று பறவைக்கால் போல நீண்டிருப்பது கடைசியாகக் கட்டிய மடல். அதுவும் கைவிடப்படும் கட்டத்துக்கு வந்து, ஆறு அட்சஃபாலயா என்ற கிளையாற்றின் வழியாகக் குறுக்கே இறங்கப் பார்த்தது. 1963 முதல் ஒரு மதகுக் கட்டமைப்பு மூலம் 30 விழுக்காடு நீர் மட்டும் அந்தப் பக்கம் போகும்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சீனாவின் மஞ்சளாற்றுக்கு அப்படி யாரும் கடிவாளம் போட முடியாத காலத்தில், 1855-இல், அது கரையை உடைத்து ஷாண்டோங் தீபகற்பத்தின் தென்புறத்திலிருந்து வடபுறத்துக்கே போய்விட்டது. முகத்துவாரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்தது.

படி 3: இப்போது மேலிருந்து பாருங்கள்

லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படம் எடுக்கின்றன, 2008 முதல் அவை இலவசம். சென்டினல்-2 படங்கள் 2015-இல் தொடங்கின, 10 மீட்டர் துல்லியம். கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம் என்றால் கூகுள் எர்த் டைம்லாப்ஸ் போதும், 1984-இலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து, கரை நூறு மீட்டருக்கு மேல் அரிக்கப்பட்டுவிட்டது என்று நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒரு படம் ஓதம் வடிந்த நேரத்தில் எடுத்தது, மற்றது ஏறிய நேரத்தில் எடுத்தது. தட்டையான சேற்றுக்கரையில் ஒரு மீட்டர் நீர் ஏறினால் கரைக்கோடு அவ்வளவு தூரம் நகரும், மண் ஒரு பிடிகூடப் போயிருக்காது. ஆகவே ஒரே பருவம், முடிந்தவரை ஒரே ஓத நிலை, இரண்டுக்குப் பதில் குறைந்தது ஐந்தாறு படங்கள். ஈரமணலின் விளிம்பை விட, செடிகொடி முளைத்த கோட்டை எல்லையாகக் கொள்வது பாதுகாப்பு.

பழக மூன்று இடங்கள் சொல்கிறேன்.

முதலில் லூசியானாவின் வாக்ஸ் லேக். 1940-களின் தொடக்கத்தில் வெள்ளநீரை வடிக்க ஒரு கால்வாய் வெட்டினார்கள். டெல்டா கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை. நீருக்கடியில் முப்பது ஆண்டு மண் சேர்ந்து, 1973 வெள்ளத்துக்குப் பின் நிலம் தலைகாட்டியது. இன்று கிளைகிளையாகப் பிரிந்து இலைநரம்பு போல விரிந்திருக்கிறது. சுற்றிலுமுள்ள கரையோரம் கரைந்துகொண்டிருக்க, இந்த இடம் வளர்வதைப் பார்ப்பது விசித்திரமாக இருக்கும்.

அடுத்து மஞ்சளாற்றின் வாய். 1996-இல் அதை மனிதர்களே வேறு திசைக்குத் திருப்பினார்கள். பழைய மூக்கு அதன்பின் தேய்வதையும் புது மூக்கு நீள்வதையும் ஒரே திரையில் காணலாம். மூன்றாவது நைலின் ரொசெட்டா முனை. 1964-இல் நீர் தேக்கத் தொடங்கி 1970-இல் முடிந்த அஸ்வான் உயரணை மண்ணை ஏறத்தாழ முழுவதுமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முனை பின்வாங்கியபின் கடல் தடுப்புச்சுவர் கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

இதைவிட நீண்ட காலத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய துறைமுகங்களைத் தேடுங்கள். ஏட்ரியாடிக் கடலுக்குப் பெயர் கொடுத்த இத்தாலிய ஊர் ஆட்ரியா இன்று கடலிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. இன்றைய துருக்கியிலுள்ள எஃபெசஸ் துறைமுகமும் அப்படியே தூர்ந்துபோனது.

படி 4: யார் கை ஓங்கியிருக்கிறது?

இப்போதுதான் வடிவம். 1975-இல் நிலவியலாளர் காலவே முன்வைத்த முக்கோண வகைப்பாடு இன்றும் தொடங்குவதற்கு நல்ல இடம். ஆறு, அலை, ஓதம் ஆகிய மூன்றில் எதன் கை ஓங்கியது என்று கேட்பது அது.

ஆறு வென்றிருந்தால் விரல்விரலாகக் கடலுக்குள் நீண்டிருக்கும், மிசிசிப்பி போல. அலை வென்றிருந்தால் முகம் மழித்தது போலச் சீராக இருக்கும். உள்நிலத்தில் கரைக்கு இணையாகப் பழைய மணல்மேடுகள் வரிவரியாக ஓடும். பிரேசிலின் சாவோ ஃபிரான்சிஸ்கோ முகத்துவாரத்தில் இந்த வரிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. ஓதம் வென்றிருந்தால் கிளையாறுகள் கடலை நெருங்க நெருங்கப் புனல் போல அகலும், இடையில் நீளவாட்டில் மணல்திட்டுகள் கிடக்கும். சுந்தரவனக் காடுகள் உள்ள கங்கை-பிரம்மபுத்திரா கழிமுகம் அப்படி. பெரும்பாலானவை கலப்புதான். ஒரே டெல்டாவில் ஒரு மூலை ஆற்றுக்கும் இன்னொரு மூலை அலைக்கும் சொந்தமாக இருக்கும், அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

டெல்டாவே இல்லாத பேராறுகளையும் பாருங்கள், அவைதான் நல்ல கேள்விகளைக் கேட்க வைக்கின்றன. அமேசான் ஆண்டுக்கு நூறு கோடி டன்னுக்கும் மேல் மண் கொண்டுவருகிறது, ஆனால் கடலுக்குள் துருத்திய மூக்கு எதுவும் இல்லை. மண்ணில் பெரும்பகுதி நீருக்கடியில் குவிந்து மூழ்கிய டெல்டாவாகக் கிடக்கிறது. காங்கோவின் கதை வேறு. அதைப் படி 7-இல் சொல்கிறேன்.

படி 5: கரையோரம் நடந்து போங்கள்

வாயில் இறங்கிய மணல் அங்கேயே இருப்பதில்லை. அலை கரைக்குச் சாய்வாக வருகிறது, மணலைச் சாய்வாக மேலேற்றுகிறது. திரும்பும் நீர் நேராகக் கீழே இழுக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு படி பக்கவாட்டில், இப்படி ரம்பப்பல் போட்டுக்கொண்டே மணல் கரை நெடுக நகர்கிறது. எந்தத் திசையில் என்று கண்டுபிடிக்க ஒரு தூண்டில் வளைவையோ துறைமுகச் சுவரையோ பாருங்கள். மணல் குவிந்திருக்கும் பக்கத்திலிருந்து அரித்திருக்கும் பக்கம் நோக்கி நகர்கிறது. சுவர் இல்லாத இடத்தில் மணல்நாக்கு நீளும் திசையைப் பாருங்கள். காற்று பருவத்துக்குப் பருவம் மாறினால் திசையும் மாறும், நீங்கள் காண்பது ஆண்டின் நிகர மிச்சம். ஒரு கரையைக் காக்கச் சுவர் வைத்தால் அடுத்த கரை ஏன் போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

களி இதைவிட நெடும்பயணம் போகும். அமேசான் களியில் ஒரு பகுதி பிரெஞ்சு கயானா, சூரினாம், கயானா கரைகளை ஒட்டி ஓரினோகோ ஆற்றின் வாய் வரை சுமார் 1,500 கிலோமீட்டர் போகிறது. போகும்போது பல பத்து கிலோமீட்டர் நீளச் சேற்றுத்திட்டுகளாகத் திரண்டு, ஆண்டுக்கு ஓரிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது. திட்டு முன்னால் நிற்கும்போது அது அலையை விழுங்கிவிடும், கரையில் அலையாத்தி முளைக்கும். திட்டு நகர்ந்துபோனதும் அலை நேரே அடித்து அதே காட்டைப் பிடுங்கும்.

படி 6: கணக்குப் போடுங்கள்

கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண் கொண்டுவருகின்றன. படிந்த ஈரமண் ஒரு கனமீட்டர் சுமார் 1.5 டன் என்று கொண்டால் 67 கோடி கனமீட்டர். டெல்டாவின் பரப்பு சுமார் 1 லட்சம் சதுர கிலோமீட்டர். எல்லாவற்றையும் சமமாகப் பரப்பினால் உயர்வு ஆண்டுக்கு 7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உலகின் மிகப்பெரிய டெல்டாவுக்கு, உலகின் மிகப்பெரிய மண்சுமைகளுள் ஒன்றுக்கு, கிடைப்பது இவ்வளவுதான். அதிலும் பெரும்பங்கு கடலுக்குள் போய்விடுகிறது.

செலவுப் பக்கம்: கடல்மட்டம் 1993 முதல் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துவருகிறது. புதுச்சேறு பஞ்சு போன்றது, தன் எடையாலேயே நீரைப் பிழிந்துவிட்டு அமுங்கும். நிலத்தடி நீரை உறிஞ்சினால் அமுக்கம் பல மடங்காகும். வரவு நின்ற நாளிலிருந்து டெல்டா இறங்கத்தான் செய்யும். அணை, ஆற்றுமணல் அள்ளுதல், வெள்ளம் ஏறாமல் தடுக்கும் உயரக் கரைகள் என வரவை நிறுத்தும் வழிகள் பல. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெள்ளம் வயலேறினால்தான் வயலுக்கு மண். லூசியானா 1930-களிலிருந்து இழந்த கரையோர நிலம் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர்.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை 2011-லிருந்து 2014-க்குள் அகற்றினார்கள். தேங்கிக் கிடந்த மண் இறங்கி, கூழாங்கல்லாக இறுகிக் கிடந்த முகத்துவாரத்தில் மணற்கரை வளர்ந்தது. படி 3-இன் பட்டியலில் நான்காவதாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: நீருக்கடியில்

ஜெப்கோ என்ற உலகக் கடலடி வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கரையிலிருந்து மெதுவாக வெளியே வாருங்கள். முதலில் ஆழமில்லாத கண்டத்திட்டு, அதாவது கண்டத்தின் மூழ்கிய விளிம்புப் பகுதி. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, இதன் பெரும்பகுதி தரை. ஆறுகள் அதைக் கடந்து விளிம்புவரை ஓடின. பிறகு கடல் ஏறி, அந்த ஏற்றம் தணிந்தபின், கடந்த சுமார் 8,000 ஆண்டுகளுக்குள்தான் இன்றைய டெல்டாக்கள் உருவாயின. ஆற்றின் கணக்கில் அவை நேற்றுப் பிறந்தவை.

திட்டின் விளிம்பில் வெட்டுகள் தெரியும், அவை கடலடிப் பள்ளத்தாக்குகள். காங்கோவின் பள்ளத்தாக்கு விளிம்போடு நிற்காமல் ஆற்றின் வாய்க்குள்ளேயே நுழைந்திருக்கிறது. கொண்டுவந்த மண் நேராக அந்தக் குழியில் விழுந்துவிடுவதால் டெல்டா கட்டக் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

விழுந்த மண் எப்படிப் போகிறது என்பதை நீளமான கண்ணாடித் தொட்டியில் பார்க்கலாம். தொட்டியைச் சாய்த்து, தெளிந்த நீர் நிரப்பி, உயர்ந்த முனையில் கெட்டியான சேற்றுநீரை ஒரு குவளை சட்டென்று ஊற்றுங்கள். கலந்துவிடும் என்றுதான் தோன்றும், ஆனால் கலக்காது. தலை பருத்து, பின்னால் சுருள்சுருளாகப் புகைந்து, தரையோடு தரையாக மறுமுனைக்கு ஓடும். சேறு கலந்த நீர் சுற்றியுள்ள நீரைவிடக் கனமானது என்பது மட்டுமே அதை ஓட்டுகிறது.

1929 நவம்பர் 18-இல் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலம் அதிர்ந்தபின், அட்லாண்டிக் தந்திக் கம்பிகள் ஒரே நேரத்தில் அறாமல், சரிவில் கீழே இறங்கும் வரிசையில் ஒவ்வொன்றாக அறுந்தன. எந்தக் கம்பி எந்த நிமிடத்தில் அறுந்தது என்பது தந்தி நிலையங்களில் பதிவாகியிருந்தது. அந்த நேரங்களை வைத்து 1952-இல் கடலடி ஆய்வாளர்கள் ஹீசனும் யூவிங்கும் சேற்றோட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். 2020 ஜனவரியில் காங்கோ பள்ளத்தாக்கில் கிளம்பிய ஓட்டம் 1,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி இணையக் கேபிள்களை அறுத்தது. அதற்கு முந்தைய வாரங்களில் ஆற்றில் பெருவெள்ளம்.

கடைசிப் பயிற்சி. ஜெப்கோவில் சுந்தரவனத்துக்குத் தெற்கே கண்டத்திட்டை வெட்டிக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்கைக் கண்டுபிடியுங்கள். அதன் வாயிலிருந்து தெற்கே கோடு இழுங்கள். இலங்கையைத் தாண்டி, நிலநடுக்கோட்டையும் தாண்டி, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வரை வங்காள விசிறி என்ற கடலடி மண்குவியல் கிடக்கிறது. சரிவு கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். வடபகுதியில் அதன் தடிமன் 16 கிலோமீட்டரைத் தொடுகிறது, எந்த மலைச்சிகரமும் அவ்வளவு உயரமில்லை. 1987-இல் அந்தக் கோட்டின் தென்பகுதியில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, கடலடியில் துளையிட்டார்கள். துளையிலிருந்து மேலே வந்த மண் உருளைகளில் அடுக்கடுக்காக இருந்தது இமயமலையிலிருந்து இறங்கிய மணலும் எக்கலும் களியும். ஒவ்வொரு அடுக்கிலும் அடியில் பருமண், மேலே போகப்போகப் பொடி. உங்கள் முதல் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.